நாற்பதில் பதினேழு

சனிக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு அந்த மெஷினின் பச்சை விளக்கு எரிந்தது. நேரம் இவ்வளவு சரியாக நினைவிருக்கக் காரணம், கடைச் சுவரில் மெஷினுக்கு நேர் மேலே கடிகாரம் மாட்டியிருந்ததுதான். பச்சை எரிந்தால் உள்ளே உருளைகள் சூடேறிவிட்டன என்று பொருள். கடைக்காரர் நான் கொண்டுபோன தாளை இரண்டு பிளாஸ்டிக் ஏடுகளுக்கு நடுவில் வைத்து, ஒரு முனையை உருளைக்குள் கொடுத்தார். மறுமுனை என் பக்கம் இருந்தது. சுருங்காமல் இருக்கட்டும் என்று நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அதாவது, நானும் சேர்ந்துதான் உள்ளே தள்ளினேன்.

ஏழு வாரம் ஆகிவிட்டது. இன்னும் எங்காவது சூடான பிளாஸ்டிக் வாசனை வந்தால் என்னால் அங்கே நிற்க முடிவதில்லை. பள்ளி அலுவலகத்தில் அடையாள அட்டைகளுக்கு லேமினேஷன் போட்ட அன்று, மாடி வழியாகச் சுற்றிக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

அந்தத் தாள் என் மகளுடையது. அவளுக்கு இருபத்தாறு வயது. கொச்சியில் கப்பல் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் வேலை. அந்த ஊரில் ஒரு ஓவியர் இருக்கிறார். பழைய கிடங்கு ஒன்றில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்கிறார். நம் ஊரில் கல்யாணப் பத்திரிகைக்கும் துணிப்பைக்கும் செய்கிற அதே வேலைதான். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலைத்துணி, அதில் உருவம், மேலே மையை விட்டு ரப்பர் கட்டையால் ஒரு இழுப்பு. கீழே இருக்கும் தாளில் படம் இறங்கிவிடும். ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம். இவர் ஆறு நிறம் வரை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவார். ஒரு படத்தில் நாற்பது தாள் மட்டுமே அடிப்பார். ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் எண் போட்டுக் கையெழுத்திடுவார். நாற்பதும் முடிந்ததும் சட்டத்திலிருக்கும் உருவத்தைக் கழுவிவிடுவார். அதன்பிறகு அவரே நினைத்தாலும் இன்னொரு தாள் கிடையாது.

என் மகளின் எண் பதினேழு. முதல் படத்தில் தற்செயலாக அமைந்தது. பிறகு ஒவ்வொரு படத்திலும் பதினேழையே கேட்டு வாங்கினாள். வரிசை முழுவதையும் ஒரே எண்ணில் வைத்திருப்பவர்கள் மிகச் சிலர்தான் என்றாள். என்ன விலை என்று நான் கேட்டதில்லை. கேட்டால் எனக்குத் தூக்கம் போகும், சொன்னால் அவளுக்கு நிம்மதி போகும்.

மொத்தம் எட்டுப் படங்கள். அந்த ஓவியர் எப்போதோ ஒருமுறை குமுளியிலிருந்து தேனி வழியாக மதுரைக்குப் பஸ்ஸில் போயிருக்கிறார். ஜன்னல் வழியே பார்த்ததை எட்டாக்கிவிட்டார். மலைச்சாலையின் வளைவுகள், லோயர் கேம்ப்பில் மலையிலிருந்து இறங்கும் பெரிய குழாய்கள், வாய்க்கால், தென்னை, திராட்சைப் பந்தலின் கல்தூண்கள், இப்படிப் போய், தேனி தாண்டிக் காற்றாலைகளில் முடிகிறது. எட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சாலை ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்குப் போய்க்கொண்டே இருக்கும். மனிதர்கள் ஒருவர்கூட இல்லை.

முதல் படத்தை அவள் கொண்டுவந்து காட்டியபோது, இதைத்தானே நான் தினமும் ஓசியில் பார்க்கிறேன் என்று சொன்னேன். அவள் அதைச் சுருட்டி அட்டைக் குழாய்ப் பெட்டியில் போட்டுக்கொண்டாள்.

அப்போது எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான் இருந்தது. அதற்கு முந்தைய வருடம் அவளுக்கு ஒரு சம்பந்தம் பேசி, எல்லாம் முடிந்து, நாள் குறிக்கும் கட்டத்தில் அவள் வேண்டாம் என்றாள். நான் சில வார்த்தைகள் சொன்னேன். அவள் அன்று மாலையே பஸ் ஏறினாள். ஐந்து மாதம் வரவில்லை. போன் செய்தால் அவள் அம்மாவிடம் பேசுவாள், நான் பக்கத்தில் இருப்பது தெரிந்தால் வைத்துவிடுவாள். என் மனைவி அரசு மருத்துவமனையில் செவிலியர். எல்லாவற்றுக்கும் ஒரு கால அளவு உண்டு என்று நம்புகிறவள். எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. அந்த ஐந்து மாதமும் எங்கள் ஊரான உத்தமபாளையத்தில் எந்தப் பஸ் வந்து நின்றாலும் இறங்குகிறவர்களின் கால்களைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

பிறகு அம்மாவைப் பார்க்க எப்போதாவது வந்துபோனாள், முதல் படத்தைக் காட்டியது அப்போதுதான். படங்கள்தான் அவளை என்னிடம் திரும்பக் கொண்டுவந்தன. கொச்சியில் அவள் இருந்த அறையில் மழைக்காலத்தில் சுவரெல்லாம் ஈரம். இரண்டாவது படத்தின் பின்பக்கம் பூஞ்சை வர ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் எனக்கே நேராகப் போன் செய்து கேட்டாள். "அத்தா, இத அங்கன கொண்டாந்து வைக்கட்டுமா?"

நான் தாவரவியல் ஆசிரியர். முப்பது வருடமாகச் செடிகளை அழுத்திக் காயவைத்து, தாளில் ஒட்டி, பெயர், இடம், சேகரித்தவர் எழுதி வைப்பது என் வேலை. தாளை எப்படிக் காப்பாற்றுவது என்று இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் என்னைவிடத் தெரிந்தவர் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள் என்று எண்ணிக்கொண்டேன். பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்தேன். இரண்டு பிளைவுட் பலகைகள் வாங்கி, அவற்றின் நடுவில் தாளுக்குத் தாள் மை ஒற்றும் காகிதம் வைத்து அடுக்கி, பீரோவைப் பூட்டினேன். சாவியை என் ஸ்கூட்டர் சாவியோடு சேர்த்துக் கோத்தேன். அதன்பிறகு அவள் மாதம் ஒருமுறை, சில மாதம் இரண்டு முறை வந்தாள். வந்ததும் பையை வைத்துவிட்டு என்னிடம் கையை நீட்டுவாள். நான் சாவிக்கொத்தைக் கொடுப்பேன். தரையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்துப் பார்ப்பாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன்.

ஐந்தாவது தாள் வந்தபோதுதான் நாங்கள் சரியாகப் பேசிக்கொண்டோம். அதுதான் திராட்சைப் பந்தல். கல்தூண்கள் வரிசையாக நிற்கின்றன. மேலே கம்பிகள், கவாத்து வெட்டி முடிந்து இலையில்லாத கொடிகள். ஒவ்வொரு தூணின் நிழலும் மேற்குப் பக்கம் நீளமாக விழுகிறது. நான் நிழலின் நீளத்தையும் தூணின் உயரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, காலை எட்டு மணி இருக்கும், மேகமலைப் பக்கமிருந்து வெயில் ஏறிய கொஞ்ச நேரத்தில் என்றேன். அடுத்த ஞாயிறு ஸ்கூட்டரில் அனுமந்தன்பட்டி வரை போய்த் தேடி, சாலையோரம் அந்தப் பந்தலைக் கண்டுபிடித்துப் போட்டோ அனுப்பினேன். அவள் ஓவியரிடம் காட்டியிருக்கிறாள். முதல் பஸ்ஸில் வந்ததாகவும், அங்கே எட்டு மணிதான் இருந்திருக்கும் என்றும் அவர் சொன்னாராம். அதைச் சொல்ல அவள் எனக்குப் போன் செய்தாள். ஒரு மணி நேரம் பேசினோம். கல்யாணம் என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை.

ஆகவே அந்த எட்டுத் தாள்களும் என்னைப் பொறுத்தவரை படங்கள் மட்டுமல்ல. அவை பீரோவில் இருக்கும்வரை அவள் வருவாள். எடுத்துக்கொண்டு போய்விட்டால் வரமாட்டாள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஏழாவது வரை வந்துவிட்டது. எட்டாவதை, கடைசித் தாளை, எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை வருவதாகச் சொல்லியிருந்தாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பீரோவைத் திறந்தேன். சாரல் பிடித்துப் பத்து நாளாகியிருந்தது. மேலே நாலு தாளும் நன்றாக இருந்தன. ஐந்தாவதைத் தூக்கியதும் ஒரு வெள்ளிப் பூச்சி ஓடியது. பழைய புத்தகத்தில் இருக்குமே, அதுதான். தாளின் இடது ஓரத்தில், நகத்தில் பாதி அளவுக்கு, மேல்தோலைச் சுரண்டித் தின்றிருந்தது.

அன்று இரவு நான் என்னென்ன யோசித்தேன் என்று இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. அவள் அதைப் பார்ப்பாள். உங்களை நம்பித்தானே வைத்தேன் என்பாள். குழாய்ப் பெட்டியைத் திறப்பாள். விடியும்போது எனக்கு ஒரு வழி கிடைத்திருந்தது. பள்ளி ஆய்வகத்தில் நாற்பதுக்கு மேல் இலைத் தாள்களை லேமினேஷன் போட்டு வைத்திருக்கிறேன். எட்டு வருடமாகப் பூச்சி அண்டவில்லை, பிள்ளைகள் கையில் பட்டும் ஒன்றும் ஆகவில்லை. முதலில் ஒன்றைச் சோதித்துப் பார்த்துவிட்டு மற்றவற்றையும் செய்யலாம். ஆய்வு என்றால் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொடுப்பவன் நான். அடிபட்டதையே சோதனைக்கு எடுப்பது நியாயம் என்று ஐந்தாவதை எடுத்துக்கொண்டு கம்பத்துக்குப் பஸ் ஏறினேன். அவ்வளவு பெரிய அளவுக்கு மெஷின் அங்கேதான் இருந்தது.

இதில் மன்னிக்க முடியாத ஒன்று உண்டு. அவளுடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் நான் லேமினேஷன் போட்டிருந்தேன். கல்லூரியில் சேரும்போது முத்திரையைத் தடவிப் பார்க்க முடியவில்லை என்று திருப்பிவிட்டார்கள். நகல் வாங்க ஒரு மாதம் அலைந்தோம். அதெல்லாம் எனக்கு அன்று ஞாபகமே வரவில்லை.

தாள் மறுபக்கம் வெளியே வந்தது. பளபளவென்று இருந்தது. கடைக்காரர் அதை மேசையில் போட்டு, இரும்பு அளவுகோல் வைத்து, கத்தியால் நாலு பக்கமும் நறுக்கினார். நான் பணம் எடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோதுதான் பிளாஸ்டிக்கோடு தாளின் ஓரமும் போயிருப்பது தெரிந்தது. அது கையால் செய்த கனமான தாள். அதன் ஓரம் நறுக்கியதுபோல நேராக இருக்காது, கிழித்ததுபோலப் பிசிறு பிசிறாக இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று மகள் எனக்கு ஒருமுறை சொல்லியிருந்தாள்.

"ஓரமெல்லாம் பிசிறா கெடந்துச்சு சார். நேராக்கிட்டேன்" என்றார் கடைக்காரர். அதற்குத் தனியாகக் காசு வேண்டாம் என்றும் சொன்னார்.

உண்மையைச் சொன்னால் அந்த நிமிடம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பூச்சி தின்ற இடமே இல்லை. தாள் தண்ணீர் பட்டாலும் தாங்கும். அந்தச் சந்தோஷத்திலேயே, கடை வாசலில் நின்று போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன். இனி நூறு வருடத்துக்குக் கவலை இல்லை என்று கீழே எழுதினேன். பதினொன்று முப்பத்திரண்டு.

பார்த்துவிட்டாள் என்று இரண்டு நீலக் குறிகள் உடனே வந்தன. அவள் எழுதுகிறாள் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. பிறகு மூன்று செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக.

"அத்தா, இது அஞ்சாவதா?"

"பென்சில் நம்பர் மேலயா பிளாஸ்டிக்?"

"ஓரம் எங்க?"

நான் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். மூன்றாவது முறை போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கொச்சிக்குப் போனபிறகு அவள் பேச்சில் மலையாளச் சொற்கள் சில ஒட்டிக்கொண்டிருந்தன. பஸ் தவறினாலும், டீ கொட்டினாலும், 'சாரமில்ல' என்பாள், பரவாயில்லை என்று அர்த்தம். அந்த ஒரு சொல் வராதா என்று திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாசலில் நிற்கிறீர்கள், வழி விடுங்கள் என்று யாரோ சொல்ல வேண்டியிருந்தது.

அப்போதுதான் தாளைச் சரியாகப் பார்த்தேன். மை கனமாக ஏறிய இடங்களில் பிளாஸ்டிக் ஒட்டாமல் வெள்ளி வெள்ளியாகக் குமிழ் விட்டிருந்தது. தூண்களின் நிழலில்தான் அது அதிகம். எந்தப் பக்கம் திருப்பினாலும் வானமோ கடைப் பலகையோ அதில் தெரிந்தது. பந்தல் தெரியவில்லை.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஸ்கிரீன் பிரிண்டிங் கடை உண்டு. பள்ளி ஆண்டு விழாவுக்குத் துணிப்பை அடிக்கும் கடை. அங்கே போனேன். அந்த அச்சுக்காரர் என்னைவிடச் சின்னவர், கைவிரல் நகங்களில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும். தாளை வாங்கிச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிளாஸ்டிக்கைப் பிரிக்க முடியுமா என்று கேட்டேன். பிரிக்கலாம், பிரித்தால் மையும் கூடவே வந்துவிடும் என்றார். பிறகு என்னை மறந்துவிட்டுப் படத்தைப் பார்க்க ஆரம்பித்தார். ஆறு தடவை ஏற்றியும் ஒரு நூல் விலகவில்லை என்றார். "ரொம்பப் பொறுமையா அடிச்சிருக்காக சார். நாங்க ரெண்டு கலருக்கே இந்தப் பாடு படுறோம்" என்றார்.

நான் கேட்டேன். கேட்டுவிட்டேன் என்பதை எழுதத்தான் வேண்டும். இதே மாதிரி ஒன்று அடிக்க முடியுமா என்று கேட்டேன். இதற்கு முன் நான் எடுத்த போட்டோ போனில் இருந்தது, பிளாஸ்டிக் போடுவதற்கு முந்தையது. அவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். கனத்த தாள் மதுரையில் வாங்கலாம், ஓரத்தைக் கையால் கிழித்துவிடலாம், நாளை காலைக்குள் ராத்திரி உட்கார்ந்து முடிக்கலாம், சாதாரணமாகப் பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது என்றார். நான் சரி என்றேன். என் நாக்கு அதைச் சொல்லியது எனக்கே கேட்டது.

அவர் ஒரு துண்டுச் சீட்டை எடுத்து அளவெல்லாம் குறித்தார். கீழே நம்பர் என்ன போட வேண்டும் என்றார். பதினேழு என்றேன். அவர் எழுதாமல் பேனாவை நிறுத்தினார்.

"அப்ப இத என்ன செய்வீக?"

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் ரசீதுப் புத்தகமும் அடிப்பவர். முன்பு ஒரு தடவை, ஒரு விழாக் கமிட்டிக்கு அடித்த ரசீதில் ஒரே எண் இரண்டு தாளில் விழுந்து, ஊரே வந்து கடைமுன் நின்றதாம். அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். எண் போட்ட தாள் எது கெட்டாலும், கெட்டதைத் தன் கண்முன்னே கிழித்துப் போட்ட பிறகுதான் அதே எண்ணில் வேறு தாள் அடிப்பார். யாருக்காகவும் அதை மாற்றியதில்லை என்றார். "ரெண்டு பதினேழு ஆகாது சார். இதக் கிழிச்சு இந்தக் கூடையில போடுங்க. ஒடனே சட்டத்தக் கட்டுறேன்" என்று சொல்லி, பெரிய கத்தரிக்கோலை மேசையில் என் பக்கம் தள்ளினார். பிளாஸ்டிக் போட்டதைக் கையால் கிழிக்க முடியாது என்பதால்.

கத்தரிக்கோலைக் கையில் எடுத்தேன். தாளின் அடியில், பிளாஸ்டிக்குக் கீழே, பென்சிலில் பதினேழு, ஒரு சாய்கோடு, நாற்பது. ஏழின் கால் கொஞ்சம் நீண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அவர் டீ சொல்லிவிட்டார். டீயும் வந்தது. நான் கத்தரிக்கோலை வைத்துவிட்டு, வேண்டாம் என்றேன். அவர் சீட்டைக் கசக்கிக் கூடையில் போட்டார். "டீயக் குடிச்சுட்டுப் போங்க சார், ஆறிரும்" என்றார்.

அங்கிருந்து ஓட்டமும் நடையுமாக லேமினேஷன் கடைக்குத் திரும்பினேன். மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தது, கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். நறுக்கிய ஓரங்கள் வேண்டும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, குப்பைக்கூடையைக் காட்டினார். ஆதார் அட்டைகளின் ஓரம், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அடையாள அட்டை ஓரம், எல்லாம் ஒன்றாகச் சுருண்டு கிடந்தன. குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். நாலு கீற்றும் கிடைத்தன. இடது ஓரத்துக் கீற்றில் பூச்சி தின்ற இடமும் இருந்தது.

வீட்டுக்கு வந்து, பழக்கதோஷத்தில் ஒரு உறையை எடுத்து அவற்றைப் போட்டு, மேலே எழுதினேன். செடிகளுக்கு எழுதுவது போலத்தான். பொருள், இடம், நாள், சேகரித்தவர். வேறு எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியாது.

மூன்று மணிக்கு மனைவி பணி முடிந்து வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். தாளைக் கையில் வாங்கி, ஜன்னல் பக்கம் திருப்பி, அதில் தன் முகத்தைப் பார்த்தாள். "எல்லாத்துக்கும் லேமினேஷன் போட்டீக. வாயிக்கு ஒண்ணு போட்டிருந்தா அஞ்சு மாசம் மிச்சமாயிருக்கும்" என்றாள். பிறகு மகளுக்குப் போன் செய்தாள். அப்போதும் போன் அணைந்தே இருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அந்த ஐந்து மாதத்தில்கூட அம்மாவுக்கு எடுத்தாள்.

அன்று இரவு பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தூங்கவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிறு பத்து மணிக்கு அவள் வரும் பஸ். ஒன்பதுக்கே நிறுத்தத்துக்குப் போய்விட்டேன். பத்து மணிப் பஸ் வந்தது, அவள் இல்லை. அடுத்ததிலும் இல்லை. என்னோடு வேலை பார்க்கும் கணக்கு வாத்தியார் வாழைப்பழத் தாரோடு வந்தவர், யாருக்குக் காத்திருக்கிறீர்கள் என்றார். மகளுக்கு என்றேன். எந்தப் பஸ் என்றார். தெரியவில்லை என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போனார். பன்னிரண்டு மணிக்குத் திடீரென்று, கம்பத்திலேயே இறங்கி அந்த லேமினேஷன் கடைக்குப் போயிருப்பாளோ என்று தோன்றியது. கம்பத்துக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, கடை மூடியிருந்தது. மூடிய ஷட்டர் முன்னால் நின்றபோது, அவள் ஏறிய பஸ்ஸை நான் எதிரில் தாண்டி வந்திருப்பேனோ என்று பயம் வந்தது. அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினேன். எங்களைத் தாண்டிப்போன ஒவ்வொரு பஸ்ஸின் ஜன்னல்களையும் பார்த்துக்கொண்டே வந்தேன். அனுமந்தன்பட்டி தாண்டும்போது அந்தப் பந்தல் வந்தது. மேகம் மூடியிருந்தது. தூண்களுக்கு நிழலே இல்லை.

வீட்டில் மனைவி சமைத்து மூடி வைத்துவிட்டுத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பீரோவுக்கும் வாசலுக்குமாக நடந்தேன். மகள் வந்து கேட்டால் உடனே எடுத்துக்கொண்டு போகட்டும் என்று ஆறு தாள்களையும் அவளுடைய குழாய்ப் பெட்டியில் போட்டு வைக்கலாமா என்றுகூட நினைத்தேன். போட ஆரம்பித்தேன். மனைவி எழுந்து வந்து, பெட்டியை என் கையிலிருந்து வாங்கி அலமாரிமேல் வைத்துவிட்டு, மறுபடி போய் உட்கார்ந்தாள்.

மாலை அஸர் தொழுதுவிட்டு வந்து வாசலில் நின்றேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. தெருமுனையில் அவள் வந்தாள். மழைக்கோட்டைக் கழற்றி எட்டாவது தாளின் குழாய்ப் பெட்டிக்குச் சுற்றியிருந்தாள். அவள் தலையும் தோளும் நனைந்திருந்தன. என்னைப் பார்த்தாள், ஸலாம் சொன்னாள். செருப்பைக் கழற்றவில்லை. வாசற்படியில் நின்றபடியே, காட்டுங்கள் என்றாள்.

முன்னறைத் தரையில் ஏழையும் பரப்பி வைத்தேன். ஆறு தாள்கள் தரையோடு படிந்தன. ஐந்தாவது விறைப்பாக, ஒரு மூலை தூக்கிக்கொண்டு, டியூப்லைட் முழுவதையும் தன்மேல் வாங்கிக்கொண்டு கிடந்தது. நாலாவதிலிருந்து வரும் சாலை அதன் ஓரத்தில் முட்டி நின்றது. நறுக்கியதில் அரை விரற்கடை போயிருந்தது. சாலை இனி சேராது.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். நேற்று மாலை அந்த ஓவியரிடம் போனதாகச் சொன்னாள். அவரிடம் வேறு தாள் ஏதாவது இருக்குமா என்று கேட்க. சட்டத்தைக் கழுவி இரண்டு வருடமாகிறது என்றாராம். அங்கிருந்து அறைக்கு வர நள்ளிரவாகி, விடியற்காலைப் பஸ் தவறிவிட்டது. போனை ஏன் அணைத்தாய் என்று அவள் அம்மா கேட்டாள். பேசினால் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பயமாக இருந்தது என்றாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

எனக்குச் சொல்லவேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. அச்சுக்காரரிடம் போனதை, நான் சரி என்று சொன்னதை, கத்தரிக்கோலை எடுத்ததைச் சொன்னேன். சொல்லாவிட்டால் அவளுக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் சொல்லாமல் அவள் பக்கத்தில் உட்கார முடியவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஏன் வெட்டவில்லை என்று கேட்டாள். தெரியவில்லை, அதில் உன் எண் இருந்தது என்றேன்.

பிறகு உறையை அவளிடம் கொடுத்தேன். மேலே நான் எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்தாள். பொருள், தாள் ஓரம், நாலு கீற்று. கிடைத்த இடம், கம்பம், குப்பைக்கூடை. சேகரித்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. படித்து முடித்ததும் அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் நான் அவள் அம்மாவைப் பார்த்தேன். அவள் அம்மா துண்டைக் கொண்டுவந்து மகளின் தலைமேல் போட்டுத் துவட்ட ஆரம்பித்தாள்.

துண்டுக்கு உள்ளிருந்தே பூச்சி தின்ற கீற்றை எடுத்துப் பார்த்தாள். "இம்புட்டுத்தானா? இத இப்படியே விட்டிருந்தா நான் ஒண்ணுமே சொல்லியிருக்க மாட்டேனே அத்தா" என்றாள்.



அவள் கீற்றை உறைக்குள் போட்டு, உறையை ஐந்தாவது தாளின்மேல் வைத்தாள். குழாய்ப் பெட்டியைத் திறந்து எட்டாவதை உருவினாள். காற்றாலைகள். ஏழாவதுக்குப் பக்கத்தில் விரித்து, நாலு மூலையிலும் நாலு டம்ளரை வைத்தாள். நெடுநேரம் வரிசை முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எழுந்து, எப்போதும் போல என்னிடம் கையை நீட்டினாள். சாவிக்கொத்தைக் கொடுத்தேன். எட்டையும் பீரோவில் அடுக்கிப் பூட்டிவிட்டு, ஸ்கூட்டர் சாவியை வளையத்திலிருந்து கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். பீரோ சாவியைத் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"எட்டும் இங்கனயே இருக்கட்டும்" என்றாள். "தொறக்கணும்னா நான் வாரேன்."